தொழுவம், அடுப்பு, கைவேலை

“நேரமில்லை” என்பது நம் பெண்மக்கள் நாடோறும் சொல்லும் சொல். தோட்டப்புறத்தாரும் சொல்லுகின்றனர், பட்டணத்தாரும் சொல்லுகின்றனர். அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நான் கருதவில்லை. நானும் அச்சொல்லைப் பதினேழு ஆண்டுகள் சொல்லி வந்தவளே. ஆயினும் அச்சொல்லால் நான் இழந்தது ஒன்றுண்டு. எவ்விலை கொடுத்தாலும் அஃது இனிக் கிடைக்காது. அவ்விழப்பையும், அதிலிருந்து எங்கள் குடும்பம் கற்ற பாடத்தையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் அடுக்களைச் சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. அதில் ஒரு சிறு ஓலைக் கூடை தொங்குகிறது. ஒரு படி அரிசி கொள்ளும். அடியிலிருந்து முக்கால் உயரம் வரை அதன் பின்னல் ஊசி நுழையவும் இடமின்றி நெருக்கமாய் அமைந்துள்ளது. மேற்பகுதியோ வேறு. ஓலையின் நிறமும் வேறு. வாயைக் கட்டிய முறையும் வேறு. இரண்டு பேர் கைகள், இரண்டு காலங்களில், செய்து முடித்த கூடை அது.

நாங்கள் வாழும் இடம்

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம் உண்டு. நாங்கள் பிறந்து வளர்ந்த பால்மரத் தோட்டத்தை 1994-ஆம் ஆண்டு செம்பனைக்கு மாற்றினார்கள், லயங்கள் இடிபட்டன. அப்போது கிடைத்த இழப்பீட்டையும், என் நகைகளையும், ஒரு கடனையும் ஒன்றாகச் சேர்த்து இந்நிலத்தை வாங்கினோம். நான்கு பசுக்கள், பத்துப் பன்னிரண்டு ஆடுகள், கோழிகள், அரை ஏக்கரில் காய்கறி, மற்ற இடத்தில் தென்னையும் மாட்டுக்கு வேண்டிய நேப்பியர் புல்லும். இதுவே எங்கள் செல்வம்.

பண்ணை வாழ்வைப் பற்றிப் பட்டணத்து உறவினர் கொண்டிருக்கும் எண்ணம் வேடிக்கையானது. “காற்றும் மரமும் பாலும் மோரும்! உங்களுக்கு என்ன குறை?” என்பார்கள். குறை ஒன்றுமில்லை, பொழுதுதான் குறை. காலை நான்கரை மணிக்கு எழுந்தால்தான் ஆறரை மணிக்குள் பட்டணத்துத் தேநீர்க் கடைகளுக்குப் பால் போய்ச்சேரும். கறப்பதைத் தள்ளிப்போட இயலாது. மடியில் பால் தேங்கினால் சுரப்புக் குறையும். மடி வீங்கி நோயும் வரும். காலையில் எந்நேரம் கறந்தோமோ அதற்கேற்ப மாலையிலும் கறக்க வேண்டும். இடையில் தொழுவம் கழுவுதல், புல்லறுத்தல், தவிடும் புண்ணாக்கும் கலத்தல், பயிற்றங்கொடிக்குக் கொம்பு நடுதல், வெண்டை பறித்தல். எங்கள் பக்கத்தில் ஏப்பிரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிப் பிற்பகலில் இடியும் மழையும் மிகுதி. காயப் போட்டதெல்லாம் அந்நேரத்தில் உள்ளே வந்துவிட வேண்டும். இவற்றுக்கு நடுவே அடுப்பு. அடுப்போ நாளைக்கு மூன்று முறை மனிதரை அழைப்பது.

“நாளைக்கு, அத்தை”

என் மாமியார் 1936-ஆம் ஆண்டு இராமநாதபுரச் சீமையில் ஒரு சிற்றூரிற் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் தந்தையுடன் மலேயாவுக்கு வந்தவர். பனை மிகுந்த ஊர் அவருடையது. அவ்வூர்ப் பெண்கள் பனையோலையிற் கொட்டான் முடைவார்கள். குழந்தைப் பருவத்திலேயே அவர் அதைக் கற்றுவிட்டார். இங்கு வந்தபோது பனை இல்லை. ஆயினும் அவர் கை சும்மா இருக்கவில்லை. தென்னங் குருத்தோலையில் முயன்றார். அது சீக்கிரம் நொறுங்கிற்று. பிறகு, நம் தாழையின் இனமாகிய மெங்குவாங் ஓலையை மலாய்க்காரர் பாய் முடையப் பயன்படுத்துவதைக் கண்டு, அவ்வோலையில் கொட்டான் முடையத் தொடங்கினார். பிறந்த ஊரின் பின்னல், புகுந்த நாட்டின் ஓலை. நாற்பது ஆண்டுகள் அவர் பால்மரம் வெட்டினார்; அத்தனை ஆண்டுகளும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் மடியில் ஒரு கொட்டான் இருந்தது.

நாங்கள் நிலத்துக்குக் குடிவந்தபின் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பிற்பகலில் திண்ணையில் ஓலையை விரித்து வைத்துக்கொண்டு, “இன்றைக்கு உட்காருகிறாயா, அம்மா? வாய் கட்டுவதை மட்டும் பார்த்துக்கொள். அடியும் சுவரும் யாரும் பின்னிவிடலாம். வாய் கட்டுவதில்தான் கூடையின் உயிர் இருக்கிறது” என்பார்.

நானும் தோளிற் புல்லுக் கட்டோ கையில் உலைப்பானையோ சுமந்தபடி, “நாளைக்கு, அத்தை” என்பேன்.

இதில் எனக்கு விருப்பமில்லாமல் இல்லை. விருப்பம் மிகுதியாகவே இருந்தது. இளமையில் எனக்குத் தையலில் நல்ல பெயர். ஆனால் அன்றைய வேலை என்னை விட்டபாடில்லை. நாளைக்கு என்று சொன்னதை நான் பொய்யென்று எண்ணவேயில்லை. உண்மையாகவே நாளை உட்காருவேன் என்று நம்பினேன்.

2010-ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் அத்தைக்குப் பாரிசவாதம் கண்டது. வலக்கை வீழ்ந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் நாக்குத் தெளிந்தது, கை தெளியவில்லை. அப்போது நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலையை எல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் பாதி முடித்து வைத்திருந்த கூடையை எடுத்து, வாய் கட்டும் முறையைச் சொல்லும்படி கேட்டேன். அவர் சொன்னார்: “இந்த ஓலையை மடி. அடுத்ததன் கீழே விடு. இல்லை, அதுவன்று. மேலே விடு. அங்கே... நான் எப்படிச் செய்வேன்?” தம் இடக்கையைக் காற்றில் அசைத்துப் பார்த்தார். இடக்கைக்கு அது தெரியாது. வாய்க்கும் தெரியாது. வலக்கைக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அக்கை அவர் மடியில் அசையாமல் கிடந்தது. அவர் கண்ணில் நீர் வந்தது, எனக்கும் வந்தது. எட்டுத் திங்கள் கழித்து, 2011-ஆம் ஆண்டில், அவர் மறைந்தார். கூடை பாதியில் நின்றது.

கைவேலைக்கு நூல்களில் விளக்கம் இருக்கலாம், படங்களும் இருக்கலாம். ஆயினும் ஒருத்தி தன் கையிலே ஐம்பது ஆண்டு பழக்கி வைத்ததை, அவள் கை அசையும்போது அருகிருந்து கண்டாலன்றிப் பெற முடியாது என்பதை அன்று அறிந்தேன்.

மூவகை வேலை

அவர் மறைந்த பின்னர்ப் பல இரவுகள் இதைப் பற்றி எண்ணினேன். நான் சோம்பி இருந்தேனா? இல்லை. வீண்பேச்சில் பொழுதைக் கழித்தேனா? அதுவும் இல்லை. பின் ஏன் இப்படி நேர்ந்தது?

எண்ணிப் பார்த்தபோது பண்ணை வீட்டு வேலைகள் மூவகைப்படும் என்று தோன்றிற்று. முதலாவது, காத்திராத வேலை. பசு கத்தும், ஆடு வேலி தாண்டும், மழை வரும், குழந்தை அழும். இவை நம்மை இழுத்துச் செல்லும். இரண்டாவது, ஒருநாள் காத்திருக்கும் வேலை. களை எடுத்தல், துணி வெளுத்தல், மிளகாய் இடித்தல் ஆகியவை இன்றில்லாவிட்டால் நாளைக்கு ஆகும். மூன்றாவது, என்றும் காத்திருக்கும் வேலை. ஓலை முடைதல், தையல், படிப்பு, முதியவரிடம் ஒன்றைக் கேட்டறிதல் என்பன இவ்வகை. இவை கத்துவதில்லை, வேலி தாண்டுவதில்லை. மூலையில் அமைதியாக இருக்கும். அமைதியாக இருப்பதனாலேயே அவை கடைசியிற் களவு போகின்றன. நேரமில்லாமற் போவது எல்லா வேலைக்கும் அன்று. காத்திருக்கும் வேலைக்கு மட்டுமே.

இது என் ஒருத்தியின் கதையன்று. என் தாயார் பால்வெட்டுக்காரி. மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுமுன் ஆதலின் விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்காக மூன்றரை மணிக்கே எழுந்து, இருவேளைச் சோறும் ஆக்கி, குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். பிற்பகல் திரும்பினால் விறகு, தண்ணீர், மாடு, மறுபடியும் அடுப்பு. மலேயாவில் 1920-களின் இறுதியில் வகுக்கப்பட்ட நியமக் கூலி, பல இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றே, கத்தி ஒன்றே, வாளி ஒன்றே. கூலி மட்டும் வேறு. அந்த 40 காசும் தோட்டத்து வேலைக்கே. வீட்டில் செய்த வேலைக்குக் காசும் இல்லை, கணக்கும் இல்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தோட்டத்தார் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. நல்ல விதி. ஆனால் அந்தத் துண்டு நிலத்தைக் கொத்தி, நீர் ஊற்றி, கீரை பறித்துக் குழம்பாக்கியவர் பெரும்பாலும் யார்? பெரட்டிலிருந்து களைத்துத் திரும்பிய பெண்ணே. நிலம் கிடைத்தது, பொழுது கிடைக்கவில்லை.

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்ட காலத்தில் என் பாட்டியார் கோணிச் சாக்கைப் பிரித்து உடுப்புத் தைத்தார். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, திறந்த பானையில் நெடுநேரம் வேகவைத்து, நீரை வடித்து, அதன் நஞ்சைப் போக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அரிசியும் துணியும் இல்லாத அந்நாளில் குடும்பத்தைக் காத்தவை அடுப்பறிவும் ஊசியறிவுமே. பஞ்சம் வந்தபோது உயிர் காத்த அறிவு, பஞ்சம் நீங்கியதும் “பெண்களின் பொழுதுபோக்கு” என்று பெயர் பெற்றது. இஃது என்ன நியாயம்?

நம் வீட்டில் மட்டுமன்றி உலகெங்கும் இவ்வாறே. 1995-ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு மன்றத்தின் மானிட வளர்ச்சி அறிக்கை, கூலியின்றியும் குறைந்த மதிப்பிலும் நடைபெறும் உழைப்பை உலக அளவில் ஆண்டுக்கு 16 இலட்சம் கோடி டாலர் என மதிப்பிட்டது. அதில் 11 இலட்சம் கோடி பெண்களின் பங்கு என்றது. அத்தொகையில் என் தாயாரின் மூன்றரை மணி அடுப்பும், அத்தையின் கொட்டானும் அடக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

பால் கணக்குப் புத்தகம்

அத்தையின் கருமாதி முடிந்த வாரம் என் கணவர் அப்பாதிக் கூடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “அம்மா உன்னை எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்!” என்றார். அவர் குறை கூறவில்லை; துயரத்தில் சொன்னார். ஆயினும் அச்சொல் என்னைச் சுட்டது.

“நூறு முறை இருக்கும். அத்தனை முறையும் நான் அடுப்படியிலோ தொழுவத்திலோ இருந்தேன். ‘நீ போய் உட்கார், அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீங்கள் எத்தனை முறை சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. அவர் கெட்டவர் அல்லர். மதுவைத் தொடாதவர், உழைப்பாளி. எங்கள் திருமணமும் புரோகிதரின்றிச் சீர்திருத்த முறையில் நடந்ததுதான். மேடையில் பெண்ணுரிமை பேசுவோர்க்கு இவரும் கைதட்டியவரே. ஆனால் கைதட்டிய கை கரண்டியைத் தொட்டதில்லை.

பால் விற்ற போத்தல்களைக் குறித்துவைக்கும் கணக்குப் புத்தகம் ஒன்று எங்களிடம் உண்டு. மறுவாரம் முழுவதும் அதன் பின்பக்கத்தில் இருவருடைய பொழுதையும் எழுதினோம். பொய்யின்றி எழுதினோம். என் பக்கம்: மாடும் ஆடும் நான்கு மணி, காய்கறித் தோட்டம் இரண்டு மணி, அடுக்களை ஐந்து மணி, துணி, பாத்திரம், வீடு மூன்று மணி. ஆகப் பதினான்கு மணி. அவர் பக்கம்: தொழுவமும் பால் கொண்டுபோதலும் மூன்று மணி, புல்லும் தோட்டமும் ஐந்து மணி, சந்தை, தீவனம், வெளி அலுவல் இரண்டு மணி. ஆகப் பத்து மணி. மிச்சத்தில் மாலையில் தேநீர்க் கடையும் செய்தித்தாளும் இரண்டு மணி.

ஞாயிறு இரவு அவர் அதை இரண்டு முறை படித்தார். “பால் கணக்கில் ஒரு போத்தல் குறைந்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன். இதில் நாளைக்கு நான்கு மணி குறைந்திருக்கிறது, இத்தனை ஆண்டு தெரியவில்லையே” என்றார்.

நம் சங்கங்களில் ஆயிரம் தீர்மானங்கள் நிறைவேறட்டும். வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இந்த ஒரு கூட்டல் நடந்தாலன்றிப் பயனில்லை என்பது என் அனுபவம்.

அடுப்படியில் ஆண்

அதன்பின் வாரத்தில் மூன்று நாள் பகற்சமையல் அவருடையதென்றும், அப்போது பள்ளியிற் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகனும் மகளும் இரவுப் பாத்திரங்களை முறைவைத்துக் கழுவுவதென்றும் ஏற்பாடாயிற்று. அவர் வைத்த முதல் சாம்பாரை நாய்க்குட்டி மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. பருப்பு வேகவில்லை, புளியோ பல்லைக் கூசச் செய்தது. நாங்கள் அதையே உண்டோம். “நன்றாக இருக்கிறதா?” என்று அவர் கேட்டபோது, “பருப்பு இன்னும் பிடிவாதமாக இருக்கிறது, அப்பா” என்றாள் மகள். இன்றோ அவர் வைக்கும் முருங்கைக்கீரைப் பொரியலும் மிளகு ரசமும் என்னுடையதைவிடச் சுவையானவை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிறுமை ஒன்றுமில்லை.

உறவினர் சிலர் நகைத்தனர். “ஆண்பிள்ளை அடுப்பூதுவதா?” என்றார் ஒருவர். நான் அவரைக் கேட்டேன்: “உங்கள் மகள் திருமணத்தில் ஆயிரம் பேருக்குச் சமைத்தவர் யார்?” பெரிய அண்டாவைக் கிளறியவர் ஆண்களே. ஆயிரம் பேருக்கு ஆக்கினால் பெருமை, நால்வருக்கு ஆக்கினால் இழிவு என்பது எந்த நூலில் உள்ள விதி? கூலி வாங்கிச் செய்தால் தொழில், வாங்காது செய்தால் பெண்வேலை. சூட்சுமம் இவ்வளவே.

அடுக்களை வேலையையும் நாங்கள் ஆராய்ந்தோம். தானே நடக்கும் வேலை எது, ஆள் நின்றே ஆகவேண்டிய வேலை எது என்று பிரித்தோம். மாவு இரவில் தானே புளிக்கிறது. பால் தானே தயிராகிறது. நீர் ஊற்றிய சோறு விடியுமுன் தானே பழைய சோறாகி, மோரும் வெங்காயமும் சேர்ந்தால் காலை உணவாகிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் வெயில் நிலைத்து நிற்கும் சனவரி இறுதி, பிப்பிரவரி நாட்களில் வடகமும் மோர்மிளகாயும் போட்டுவைத்தால் மழைக்காலத்தில் பல வேளை கறிக்கு அலைய வேண்டியதில்லை. நம் முன்னோர் உணவு முறையில் இவ்வளவு பொழுதுச் சிக்கனம் இருக்கிறது. மூன்று வேளையும் சுடச்சுடப் புதுக்கறி வேண்டுமென்னும் ஆசையே வீட்டுப் பெண்ணை அடுப்போடு கட்டிவைக்கிறது.

இரண்டு மணி முதல் மூன்றரை வரை

இவ்வாறு மீந்த பொழுதில் பிற்பகல் இரண்டு மணி முதல் மூன்றரை வரை கைவேலைக்கென்று ஒதுக்கினோம். அந்நேரத்தில் வெயில் கடுமை; தோட்டத்தில் நிற்க இயலாது. பசுக்கள் படுத்து அசைபோடும். மாலைக் கறவைக்கு இன்னும் பொழுதிருக்கும். அந்த ஒன்றரை மணியில் யாரும் என்னை எழுப்புவதில்லை. “அம்மா, சர்க்கரை எங்கே?” என்ற குரல் முதலிற் சில நாள் எழுந்தது. “தேடு” என்றேன். தேடினார்கள், கிடைத்தது.

வாய் கட்டுவதைக் கற்பிக்கத்தான் அத்தை இல்லை. எங்கள் நிலத்துக்கு அடுத்து வாழும் மலாய் மூதாட்டி ஒருவரை நாங்கள் ‘மாக் சிக்’ என்றழைப்போம். பாதிக் கூடையை அவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தப் பின்னல் எங்களுடையதன்று. ஆனால் இந்தக் கை நல்ல கை” என்றார். அத்தை அந்த ஓலையை முதலில் வாங்கியது தம்மிடந்தான் என்றும் சொன்னார். இருபது ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தும் அச்செய்தியை நான் அறிந்திலேன்.

மாக் சிக் எனக்கு அடியிலிருந்தே கற்பித்தார். மெங்குவாங் ஓலையின் ஓரத்து முள்ளையும் நடுநரம்பு முள்ளையும் முதலிற் சீவி எடுக்க வேண்டும். அனலில் வாட்ட வேண்டும். ஒரே அகலத்தில் கீற்றாகக் கிழித்து, அழுத்தி நீவி மென்மையாக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, பிறகு வெயிலிற் காயவைக்க வேண்டும். இந்த ஊறலும் காய்தலும் ஆள் நில்லாமலே நடப்பவை. பண்ணைக்காரிக்கு ஏற்ற தொழில் இது என்று அப்போது உணர்ந்தேன். நான் பால் கறக்கும்போது ஓலை ஊறுகிறது; நான் களை எடுக்கும்போது ஓலை காய்கிறது.

அப்போதுதான் தொழுவமும் அடுப்பும் கைவேலையும் மூன்று பகைவர் அல்ல என்பதும் விளங்கிற்று. ஒரு தென்னையையே பாருங்கள். காய் சமையலுக்கு, எண்ணெய் தலைக்கும் விளக்குக்கும், புண்ணாக்கு மாட்டுக்கு, சிரட்டை அகப்பைக்கு, நார் பானைக்குப் பிரிமணைக்கு, ஈர்க்கு துடைப்பத்துக்கு, மட்டை அடுப்புக்கு. தொழுவத்துச் சாணம் தென்னைக்கே திரும்புகிறது. மரம் ஒன்று; வேலை மூன்று. பிரித்து வைத்தவர் நாமே.

நான்கு மாதம் கழித்து அத்தையின் கூடைக்கு வாய் கட்டி முடித்தேன். அது மாக் சிக்கின் கட்டு, அத்தையின் கட்டன்று. கூடை உறுதியாகவே இருக்கிறது. ஆனால் இராமநாதபுரத்துச் சிற்றூரிலிருந்து கடல் தாண்டி ஒரு சிறுமியின் கையில் வந்த அந்த வாய்க்கட்டு எங்கள் குடும்பத்தில் இனி இல்லை. முக்கால் கூடை எஞ்சிற்று. கால் கூடை போயிற்று.

இரண்டு மறுப்புகள்

“இரண்டு வெள்ளிக்குப் பிளாஸ்டிக் கூடை கிடைக்கிறதே, இதற்கு ஏன் இத்தனை பாடு?” என்று கேட்பவர் உண்டு. காசுக் கணக்கில் அவர் கூறுவது சரியே. ஒரு கூடைக்கு என் ஒன்றரை மணி பத்து நாள் போகிறது. விற்று வாழ இத்தொழில் எனக்குப் போதாது. பிழைப்புக்கு நான் பசுவையே நம்புகிறேன். ஆயினும் நாள் முழுதும் பசுவுக்காகவும் பிறர் வயிற்றுக்காகவும் அசைந்த கை, ஒன்றரை மணி தனக்கென்று அசையும்போது மனம் நிமிர்கிறது. மனிதப் பிறவி உண்டு உழைத்து உறங்குவதற்கு மட்டுமன்று என்று நாம் மேடைகளில் சொல்லுகிறோமல்லவா? அது பெண்ணுக்கும் பொருந்தும்.

மற்றொரு மறுப்பு மூடப்பழக்கத்திலிருந்து வருவது. விளக்கு வைத்தபின் ஊசி எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பர். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று ஒரு தாய் சொல்லியிருக்கலாம். அது சாத்திரமாகிவிட்டது போலும். மின்விளக்கு வந்தபின்னும் அச்சம் மட்டும் போகவில்லை. அறிவுடையோர் காரணத்தை ஆராய்ந்து, காரணம் போனபின் விலக்கையும் விட்டுவிட வேண்டும்.

முடிவாக

எங்கள் ஏற்பாடு நாள்தோறும் செம்மையாக நடக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. பசு கன்றீனும் இரவில் மறுநாள் ஒன்றரை மணி போய்விடும். மழை முந்திக்கொண்டால் ஓலை நனைந்து கறுத்துவிடும். மூவகை வேலையும் தராசுத் தட்டுப்போல் சமமாக நிற்கும் நாள் ஆண்டில் மிகச் சிலவே. ஆயினும் முன்பு தட்டு சாயும்போதெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது. இப்போது முறைமாறிச் சாய்கிறது. வேற்றுமை அதுவே.

வேலையைச் சமன் செய்வதென்பது ஒருத்தி தன் உறக்கத்திலிருந்து இன்னும் ஒரு மணியைத் திருடிக்கொள்வதன்று. அவ்வாறுதான் என் தாயார் செய்தார். மூன்றரை மணிக்கு எழுந்தார். ஐம்பத்தெட்டாம் வயதில் தேய்ந்து போனார். சமன் செய்வதென்பது வீட்டிலுள்ளோர் அனைவரும் கணக்கைத் திறந்து வைத்துப் பங்கிட்டுக்கொள்வது.

ஆதலின் ஆண்மக்களே, உங்கள் வீட்டில் ஒருத்தி “நேரமில்லை” என்று சொன்னால் அதைப் பழகிய பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். ஒரு வாரம் இருவர் பொழுதையும் எழுதிப் பாருங்கள். சகோதரிகளே, உங்கள் வீட்டில் ஒரு முதியவர் இருந்தால், அவர் கையில் ஊசியோ ஓலையோ கரண்டியோ இருந்தால், இன்று பிற்பகலே அருகில் உட்காருங்கள். அடுப்பை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் மகன் இப்போது கூடையின் அடிப்பின்னலைக் கற்றிருக்கிறான். மகள் வாய் கட்டவே கற்றுவிட்டாள். சென்ற வாரம் நான் தொழுவத்தில் இருந்தபோது அவள் திண்ணையிலிருந்து, “அம்மா, ஒரு மடிப்பு தவறிவிட்டது, வந்து பார்க்கிறீர்களா?” என்று கூப்பிட்டாள். என் வாயில் அப்பழைய சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுக் கையைக் கழுவினேன். பசு சற்றுக் கத்திற்று. கத்தட்டும் என்று விட்டுப் போய் உட்கார்ந்தேன்.